மலை உச்சி இன்னும் கொஞ்சம்தான்

மலையேறுவதை ஒரு தொழில் என்று எடுத்துக்கொண்டால், அதில் சம்பளத்தை நேராக முழங்காலில்தான் போடுகிறார்கள்.

சனிக்கிழமை காலையில் போர்வைக்குள் இருக்க வேண்டிய நேரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் தொங்கும் சக பாவிகளே, நான் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு எறும்புகள் வரிசை கட்டி வர ஆரம்பித்தன. ரிடையர் ஆகி சோபாவில் குடியேறிய என் வீட்டுக்காரர் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். போட்ட சட்டையெல்லாம் தொளதொளத்தது. "போய் ரத்தம் கொடுத்து சுகர் பாருங்க" என்று நானும் மாதக்கணக்கில் கத்தினேன். ஒருநாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நீ வாங்கின டிரெட்மில்லுல துணி காயுது. பங்சார் பணக்காரப் பொம்பளைங்க ஏறி ஏறிப் படம் போடுறாங்களே, அந்த செராஸ் மலை உச்சியில நின்னு நீ என்னைக்கு போட்டோ அனுப்புறியோ, அன்னைக்கு நான் கிளினிக்குப் போறேன்."

யார் விழுவது?

நடப்பவர்களுக்கு மட்டும் போட்ட பாதை என்று நினைத்துப் போனேன். நடப்பவர், ஓடுபவர், நாயோடு வருபவர், டுரியான் கூடையோடு மோட்டார் சைக்கிளில் இறங்கும் தோட்டக்காரர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாதை. அகலம் ஒரு பாய் விரிக்கிற அளவு.

செங்குத்தான ஓரிடத்தில் நடுவழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தது. நான் நகரவில்லை, நகரத் தெம்பில்லை என்பது வேறு விஷயம். சைக்கிள் புதருக்குள் திரும்பி ஒரு வேரில் முட்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் நம்ம தமிழ்ப் பையன், கிள்ளான் ஊர்க்காரனாம். "பிரேக்கை அலங்காரத்துக்கா வச்சிருக்கே?" என்று பிடித்துக்கொண்டேன். முழங்கைச் சேற்றைத் தட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "ஆன்டி, இந்த இறக்கத்துல பிரேக் போட்டா நான் விழுவேன், போடலன்னா நீங்க விழுவீங்க. யாரு விழுறதுன்னு நீங்களே சொல்லுங்க லா."

சிக்கிட் லாகி

மலையில் எல்லா இனத்தாரும் ஒற்றுமையாகச் சொல்லும் ஒரு பொய் இருக்கிறது. இறங்கி வருபவரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். "சிக்கிட் லாகி" என்பார்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம். கைத்தடியோடு வந்த சீன அங்கிள் சொன்னார். குடும்பத்தோடு வந்த மலாய்க்காரர் சொன்னார். நெற்றியில் திருநீறு பூசிய தமிழர் ஒருவரும் கூசாமல் சொன்னார். நானும் நம்பி நம்பி ஏறினேன். பாதி மலைகூட வரவில்லை என்று கைப்பேசி காட்டியபோது, அங்கேயே திரும்பிவிட்டேன்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் சிஸ்டர் கையில் ரோத்தான் பிரம்பு பேசும். அதனால் அடிவாரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அதே அங்கிளிடம் நேராகப் போய், "ஏன் பொய் சொன்னீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. தன் பக்கத்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், உண்மையைச் சொன்னா நீங்க இந்த அளவுக்காவது ஏறியிருப்பீங்களா?"

வீட்டுக்கு வந்த விருந்தாளி

அடுத்தமுறை மழைக்குப் பிறகு போனேன். காலுறைக்குள் உப்பு தேய்த்துக்கொள்ளச் சொன்னவர்களை அலட்சியம் செய்தேன். அன்றும் உச்சியைத் தொடவில்லை. அட்டைதான் என்னைத் தொட்டது. ஒன்று என் காலுறையிலேயே உட்கார்ந்து வீடுவரை வந்து, கழற்றிப் போட்ட இடத்திலிருந்து ஊர்ந்து போய், சோபாவில் கிடந்தவரின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. டிவி செய்தி முடியும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் காலைத் தூக்கினார்.

"வலிச்சுச்சா?" என்றேன்.

"இல்ல."

"ஊசியும் அவ்வளவுதான். அட்டைக்குக் கொடுக்கிற ரத்தத்தைக் கிளினிக்குல கொடுத்தா என்ன?"

வழக்கமாக உடனே வாய் கொடுப்பவர், பஞ்சை எடுத்துக் கணுக்காலில் அழுத்திக்கொண்டார். ஊசிக்குப் பயந்த மனுஷன் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அட்டை ரிசல்ட் சொல்லாதுல்ல."

அதற்கப்புறம் நான் கத்தவில்லை. உப்பை வாங்கி வைத்தேன்.

தண்ணீர் வரி

உச்சியில் அந்த சீன அங்கிளும் கூட்டாளிகளும் அடுப்பு வைத்து டீ போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். மேலே குழாய் இல்லை. அதனால் ஏறுபவர் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் தூக்கிப்போய்க் கொடுப்பது வழக்கம். என்னையே என்னால் தூக்க முடியவில்லை, இதில் தண்ணீர் வேறா என்று புலம்பிக்கொண்டேதான் அடுத்தமுறை தூக்கினேன். கடைசிக் கயிற்றில் கைத்தோல் உரிந்தது. மேலே போய் பாட்டிலை மேசையில் வைத்தபோது அங்கிள் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

சைக்கிளைத் தோளில் சுமந்து வந்திருந்த கிள்ளான்காரனே எனக்குப் படம் எடுத்தான். வியர்வையும் சேறுமாக நின்றதை அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் குரல்பதிவு வந்தது: "படத்துல மலையையே காணோம், நீதான் முழுசா நிக்கிறே. சரி, நாளைக்குப் பசியாறாம கிளினிக்குப் போறேன்."

புது ஆள்

போனார். எறும்புகள் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். பயந்த அளவுக்கு இல்லை. மாத்திரை, சோற்றில் பாதி, தினமும் நடை. அதனால் போன சனிக்கிழமை அவரையும் காடியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். காலுறையில் உப்பு தேய்த்து, கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தேன்.

முதல் கயிற்றுக்கு முன்பே ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் திரும்பினால் நாங்கள் வந்த காடி மரங்களுக்கிடையே தெரிந்தது. அவர் பார்வை இறங்கும் பக்கமே இருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார்.

சிஸ்டரின் ரோத்தான் ஒரு நொடி கண்முன் வந்து போனது. "சிக்கிட் லாகி" என்றேன்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வேற யாராச்சும் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்றே, அதனால வரேன்."

மாதக்கணக்கில் உண்மையைச் சொல்லி சோபாவை விட்டு எழுப்ப முடியாத மனுஷனை, நான் ஒரே ஒரு பொய்யில் மலையேற்றிவிட்டேன்.