மூன்று முழம் உள்ளே நட்ட வேலி

வேலிக்கு ஊன்றும் கிளுவைக் கதியால்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மனேச்சர் ஐயா தோட்டத்தில் வந்து இறங்கிய காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. புத்தூர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வெங்காயத் தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலி வைத்தால் குருவியும் தேனீயும் திரும்பி வரும், மருந்தடிப்பது குறையும் என்று அவரை இணங்க வைத்தது, விவசாயப் போதனாசிரியராகப் புதிதாக வந்திருந்த நான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மேற்கு எல்லையிலேயே நட வேண்டாம், மூன்று முழம் உள்ளே நட்டுவிட்டு வெளிப்பக்கத்தைப் புல்பூண்டுக்கு விடுங்கள் என்றேன். அவர் கதியாலை ஊன்றாமல் நின்றார்.

“பிள்ளை, வேலி நிக்கிற இடந்தான் எல்லையெண்டு நாளைக்குக் கதைப்பினம்.”

காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதுதானே என்று சிரித்துவிட்டேன். வேலிச் சண்டையில் முகம் பார்க்காமல் போன சொந்தங்கள் என் வீட்டிலேயே இருக்க, அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

இடையிடையே நொச்சியும் பூவரசும் எழும்பி, நாலைந்து வருடத்தில் வேலி அடர்ந்துவிட்டது. புலுனிக் குருவிகள் கூடு கட்டின. அப்போதுதான் மேற்குப் பக்கத்துக் காணிக்காரர் கனடாவிலிருந்து வந்தார். வேலிதான் எல்லை, அதைத் தறித்து மதில் கட்டப் போகிறேன் என்றார். போரில் ஊரே இடம்பெயர்ந்த காலத்தில் எல்லைக்கல் காணாமல் போயிருந்தது. வழக்குப் போட்டால் வெல்லலாம் என்று மனேச்சர் ஐயாவின் மகள் சொல்லிப் பார்த்தார். ஐயாவோ, அந்த மூன்று முழத்தையும் எடுத்துக்கொள், மதிலை வேலிக்கு வெளியே கட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

“வழக்கு முடியிறதுக்கிடையிலை உவர் வேலியைத் தறிச்சுப்போடுவார், பிள்ளை,” என்றார் என்னிடம். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புலுனிக்காகத்தான் விட்டாரா, வழக்குக்குப் பயந்தா, என் பேச்சைக் கேட்ட தவறை ஊருக்குக் காட்டாமல் மறைக்கவா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அவரும் இல்லாமல் போனார்.

போன மாதம் அவருடைய மகள் என்னைத் தோட்டத்துக்கு அழைத்திருந்தார். மதிலும் மரமும் சேர்ந்து நிழல் விழுத்த, அந்தப் பக்கத்து வெங்காயம் திரளுவதில்லையாம். அவர் கையில் கத்தி இருந்தது. வேலிக்குள் புலுனிகள் ஓயாமல் சத்தம் போட்டன.

“அப்பா காணியை விட்டுத்தான் இதைக் காப்பாத்தினவர். நான் தறிக்கட்டோ, விடட்டோ? நீங்கள்தானே வைக்கச் சொன்னனீங்கள்.”

தெரியாது என்றேன். இத்தனை வருட வேலையில் ஒரு தோட்டக்காரரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.