எஞ்சினில் எழுதிய பெயர்

பெரியம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு ரயில் எஞ்சினுக்குள் வைத்து, என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் அந்த வருடம் ஒரு ரயில் காட்சிக்கூடம் திறந்தார்கள். ஓடி ஓய்ந்த டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, புதுச் சாயம் பூசி, முற்றத்தில் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எத்தனை டன், என்ன வேகம் எல்லாம் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அழைத்துப்போனபோது, துணைக்கு அம்மா எங்களோடு இருந்த தன் அக்காவை அனுப்பியிருந்தாள்.

நான் டிரைவர் இருக்கையில் ஏறி ஹாரனைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியம்மா கீழே நின்று, எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறுவென்று ஏறி வந்தாள்.

"எறங்குட்டி."

"இப்பந்தான ஏறினேன் பெரியம்மா."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். காட்சிக்கூட அதிகாரி ஓடி வந்து என்னவென்று கேட்டார்.

"இந்த எஞ்சினைச் செய்யும்போ கிரேன் சங்கிலி அறுந்து செத்தது என்னைக் கெட்டுன மாப்பிள்ளை. அவரு பேரை எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் எழுதுற வழக்கமில்லம்மா."

"டன் கணக்கு எழுத எடம் உண்டு. அவரு பேருக்கு இல்லியோ."

பெரியப்பா வடக்கே எஞ்சின் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார் என்பது எனக்குத் தெரியும். அவரோடு வேலை பார்த்தவர்கள் அது எந்த எஞ்சின் என்று எண்ணோடு பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. கன்னம் எரிந்தது. பல நாட்கள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த வாரமே பெரியம்மா வெள்ளைப் பெயின்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு தனியாகப் போய், எஞ்சினின் நீல உடம்பில் அவர் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தாள். அழித்தார்கள். மறுபடி எழுதினாள். வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அவர்கள் போன பிறகு அப்பா வெடித்தார்.

"நாலு பேரு மொகத்துல முழிக்க முடியல்ல மைனி. இனி அந்தப் பக்கம் போவப்பிடாது, கேட்டியளா."

பெரியம்மா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "அழிக்கதை நிறுத்தச் சொல்லுங்க. நான் பின்ன என்னத்துக்குப் போறேன்."

அதிகாரிக்கு அலுத்துப்போனதோ, மனம் இளகியதோ, ஒரு கட்டத்தில் அழிப்பதை விட்டுவிட்டார்கள். பலகையில் மட்டும் இன்றுவரை டன் கணக்குத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் வேறு. அந்த எஞ்சின்மேல் உள்ள ஆத்திரத்தில், அதை அசிங்கப்படுத்தத்தான் பெரியம்மா எழுதுகிறாள் என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னேன். தந்தி இங்கே வந்து சேரும் முன்பே பெரியப்பாவை வடக்கே அடக்கம் செய்துவிட்டார்கள் என்பதோ, எந்த இடத்தில் என்று பிறகு ஒருவராலும் காட்ட முடியவில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மற்றப் பெண்கள் பூவோடு கல்லறைத் தோட்டத்துக்குள் போகும்போது, அவள் மட்டும் ஏன் நேராக வீட்டைப் பார்த்து நடந்தாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.