பதினோரு இஞ்ச் மழை

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தபோது, காலை எட்டு மணிக்கு மழை அளப்பதும் என் வேலை. ஆபீஸ் முற்றத்தில் கம்பிவேலிக்குள் ஒரு செம்பு டப்பா நிற்கும். முந்தின நாள் பெய்த மழை அதற்குள் இருக்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கோட்டைப் பார்த்து, இத்தனை இஞ்ச் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்.

கோயிலில்கூட நான் அத்தனை பயபக்தியோடு நின்றதில்லை. நிறமில்லை, ருசியில்லை, பிடித்தால் கையில் நிற்பதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டவன் இந்த மலை முழுவதையும் பச்சையாக்கி வைத்திருக்கிறான். மேனேஜர் துரையின் பங்களாவுக்கும் தொழிலாளர்களின் கீழ் லைனுக்கும் ஒரே அளவுதான் அனுப்புகிறான். அதை அளந்து சொல்பவன் நான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கீழ் லைன் வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. ஒரே நாளில் ஆறு இஞ்சுக்கு மேல் பெய்தால் அந்த வீடுகளைக் காலி செய்து, எல்லோரையும் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது எஸ்டேட்டில் விதி. அதற்கும் என் அளவுதான் கணக்கு.

புரட்டாசியில் எவனோ விளையாட்டுக்கு டப்பாவில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டான். நான் யோசிக்காமல் அளந்து, மூன்று இஞ்ச் என்று எழுதித் துரையிடம் நீட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். ஆபீசே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இன்னொரு தடவை ஏமாறக் கூடாது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த மாதம், ஐப்பசியில், மூன்று நாள் விடாத மழை. தகரக் கூரைக்குக் கீழே படுப்பவனுக்குத் தூறலும் பேய்மழையும் ஒரே சத்தம்தான். நான்காம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. பனிமூட்டம் முற்றத்தில் இறங்கி நின்றது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. டப்பாவைத் திறந்தால் தளும்பியது. குவளைக்கு ஒரு இஞ்ச். ஊற்றி ஊற்றி எண்ணினேன். பதினொன்று வந்தது. என் வேலைக்காலத்தில் ஐந்தைத் தாண்டியதில்லை. மறுபடியும் எவனோ விளையாடியிருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீரைப் புல்லில் கொட்டிவிட்டு, முந்தின நாளைப் போலவே நாலு என்று எழுதினேன்.

கூடையோடு வேலைக்குப் போகும் வழியில் கீழ் லைன் பெண் ஒருத்தி ஆபீஸ் ஜன்னலருகே நின்றாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், லைன் வீட்டை லயம் என்பார்கள்.

“இன்னைக்கு எத்தன இஞ்சுங்க ஐயா? லயத்துல பின்சுவரு ஊறி ஒழுகுது. இவரு நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் படுத்தாரு. எழுப்பி மேல அனுப்பட்டுமா?”

“நாலுதாம்மா. தூங்கட்டும் விடு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பத்து மணி இருக்கும். லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, நிற்கவே இல்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது மண்மேடு கீழ் லைனின் கடைசி இரண்டு வீடுகள் மேல் கிடந்தது. அதன் நடுவிலிருந்து தண்ணீர் சாவகாசமாகக் கசிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வேலையில் இருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். உள்ளே இருந்தது அவள் புருஷன் மட்டும்தான்.

ஆண்டவன் அளவு பிசகாமல்தான் அனுப்பியிருந்தான். அதைத் திருத்தியவன் நான். அன்று முதல் தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பயம், குடத்தில் இருந்தாலும் பயம்தான்.

சாயங்காலம் அவனை வெளியே எடுத்தார்கள். அவள் அழவில்லை. சேற்றில் உட்கார்ந்திருந்தவள், நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தாள். என் முகம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, என்னைத் தேற்ற ஆரம்பித்தாள்.

“நீங்க என்னங்க ஐயா பண்ணுவீங்க? மழை நாலுதானே பெஞ்சிருக்கு?”

“ஆமாம்மா, நாலுதான்” என்றேன்.