காம்பஸ் வரைந்த மூன்று

ஆபீஸில் அவருக்குப் பெயர் காம்பஸ். எழுத்துரு வரைவதுதான் பிழைப்பு. வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, வாலோ கொக்கியோ இல்லாமல் தடிதடியாக எழுத்து வரைவதில் மனிதர் கில்லாடி. மருந்துக்கடைப் பலகை, பால் பாக்கெட், பல்பொடி டப்பா, எங்கே திரும்பினாலும் அவர் கைவண்ணம்தான். வட்டம் ஒரு மயிரிழை நசுங்கினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படியொரு பிடிவாதம்!

பஸ்களுக்கு எண்கள் வரைந்து தரச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகம் கூப்பிட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுக்கு இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அதே எட்டின் இடப்பக்கத்தில் கொஞ்சம்போல வெட்டி, மூன்று என்றார். பெரிதாக வெட்டினால் வட்டம் கெட்டுவிடுமாம். சோதனைக்காக அவர் வீட்டுப் பக்கம் ஓடும் பஸ்களில் ஒரு மாதம் மாட்டினார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காம்பஸ் சரி என்றால் ஊர் முழுக்க அதே எண்கள்தான்.

அவர் மனைவிக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் பாட்டு வகுப்பெடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் நம்பர் பஸ்ஸில் தனியாகத்தான் போய்வந்தார். துணைக்கு வரட்டுமா என்று கேட்டுவிட்டால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எண்கள் எப்படி என்று காம்பஸ் தினமும் கேட்பார். ஜோராக இருக்கிறது என்பார் அந்த அம்மாள்.

வியாழக்கிழமை மத்தியானம், தன் எண்களைத் தூரத்திலிருந்து ரசிக்கலாமென்று காம்பஸ் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அந்தப் பக்கம் மனைவி நின்றிருந்தார். ஒரு பஸ் வந்தது. அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார், ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கும் அதே கதை. காம்பஸுக்கே அது மூன்றா எட்டா என்று சட்டென்று பிடிபடவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது பக்கத்திலிருந்தவர் எரிந்து விழுந்தது ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

"அவ்ளோ பெருசா போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

காம்பஸ் ரோட்டைக் கடந்து ஓடினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எத்தனை ஆசையா வரைஞ்சீங்க. குறை சொல்ல மனசு வரலங்க."

வெட்கத்தில் அவருக்கு உடம்பே கூசியது. நின்ற இடத்திலேயே போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, அச்சடிக்க வேண்டாம், மூன்று தப்பாகிவிட்டது, அகலமாக வெட்டித் தருகிறேன் என்றார். எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்களே, நீங்களே ஏன் கெடுக்கிறீர்கள் என்று அதிகாரி இழுத்தார்.

"அழகா இருந்து என்ன சார்? அத வரைஞ்சவன் பொண்டாட்டி ரோட்டுல நின்னு திட்டு வாங்குறா."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வந்து நின்ற பஸ்ஸின் எண்ணை இருவரும் பார்க்கவே இல்லை.