அடைக்கப்போகிற வழி

வியாழக்கிழமை மதியம் தீவனக் கடையின் பின்னறை மேசையை முத்துமீனாள் பினாயில் விட்டுத் துடைத்தாள். பதினாலு வருடமாக வியாழன்தோறும் ஆனந்த்சங்கர் டாக்டர் அங்கேதான் ஆடு மாடு பார்க்கிறார். ராயகிரியிலிருந்துகூட ஆட்டை ஆட்டோவில் ஏற்றி வருவார்கள். கடையில் புண்ணாக்கு மூட்டை நிறுக்கும் தராசில் ஆட்டைப் பிடித்து நிறுத்தி அவள் எடை சொல்ல, டாக்டர் மருந்தின் அளவை எழுதுவார். "சாக்கு எடையக் கழிச்சுக்கிடுங்க அக்கா" என்று யாராவது கேலி பேசுவார்கள். மற்ற ஆறு நாளும் அவள் வெறும் கடைக்காரிதான்.

டாக்டர் வந்ததும், கிளினிக்குக்காக அவள் போட்டிருந்த உரிம மனுவுக்கு வந்த பதிலைக் காட்டினாள். கடைக்குள் கிளினிக் நடத்தத் தனி வாசல் வேண்டும், கடைக்கும் அதற்கும் நடுவில் வழி இருக்கக் கூடாது என்றிருந்தது.

"தெருப் பக்கம் சுவரை இடிச்சு வாசல் வச்சிருதேன் சார். இந்த வழிய அடைச்சிரலாம்."

"தராசு?"

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிருதேன். நீங்க வாறது நிக்கக் கூடாது."

டாக்டர் கடிதத்தை மடித்தார். "சரி, ஆட்டை யாரு பிடிச்சு நிறுத்துவா? நீ அந்தப் பக்கம்லா இருப்ப."

முத்துமீனாள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, அடைக்கப்போகிற வழியாகவே கடைக்குள் போய்விட்டாள்.