ஃபிளாப்பிக்கு வைத்த பொட்டு

காய்ந்தும் காயாத பெயின்ட் வாசனை குளிர்ந்த காற்றோடு மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றும். ஆவடியில் நான் ஏழாவது படித்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்த எங்கள் பள்ளிக்கூடம் பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் மூன்று மாடிப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. அதன் உச்சியில் ஏ.சி. போட்ட "கம்ப்யூட்டர் ரூம்", அதற்குள் உறை போர்த்திய மூன்றே மூன்று கம்ப்யூட்டர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தன.

அறைக்குக் காவல் ஆயாம்மா. பழைய கட்டடத்தில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தவரிடம் இங்கே சாவியைக் கொடுத்திருந்தார்கள். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் நடந்த நடையை நாங்கள் நடித்துக் காட்டிச் சிரிப்போம். "செருப்ப வெளிய கயட்டிட்டு போங்கடி, தூசி பட்டா மெசினுக்கு ஆவாது" என்று வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மிரட்டுவார்.

ஆயுத பூஜைக்கு அவர் மூன்று திரைகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தபோது கிண்ணம் பிடித்தவள் நான். அப்பாவின் ஃபேக்டரியில் லேத்துக்கு மட்டுமல்ல, ஸ்பேனருக்கும் எண்ணெய்க் குவளைக்கும்கூடப் பொட்டு உண்டு. உள்ளே செருகினால்தான் கம்ப்யூட்டர் விழிக்கும், அந்த ஃபிளாப்பித் தகடுதான் அதற்கு உயிர் என்று கம்ப்யூட்டர் சார் சொல்லியிருந்தார். உயிரை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் பூஜையா? ஆயாம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மேசையிலிருந்த ஃபிளாப்பியை எடுத்து, பெயர் ஒட்டிய முன்பக்கத்தை அழுக்காக்க மனமில்லாமல், பின்பக்கத்தில் உள்ளிருக்கும் நாடா பழுப்பாகத் தெரிந்த இடத்தில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, பயபக்தியோடு உறைக்குள் போட்டேன்.

லீவு முடிந்து சார் அதைக் கம்ப்யூட்டருக்குள் போட, கரகரவென்று அரைத்து நின்றது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து அதையே அடுத்ததில் போட்டார், பிறகு மூன்றாவதிலும். மூன்றும் படுத்த பிறகுதான் ஃபிளாப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

தலைமையாசிரியை வந்து "யார் பண்ண வேலை?" என்று கேட்டபோது, அன்று சந்தனம் தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்தேன். ஆயாம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பசங்களுக்கு இன்னா தெரியும்? நான்தாம்மா வெச்சேன்" என்றார்.

மத்தியானமே சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டைத் தாண்டும்வரை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. அடி விழும் என்ற பயம், வேறொன்றுமில்லை. அதற்குப் பின் அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், காலியான அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும். பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தப் பக்கம் நான் நிமிர்ந்ததே இல்லை.

போன மாதம் என் மகளைச் சேர்க்க அங்கே போனேன். கம்ப்யூட்டர் ரூமைக் காணோம்; வகுப்புக்கு வகுப்பு சுவரளவு தொடுதிரை, பிள்ளைகள் ஷூவோடு உள்ளே ஓடுகிறார்கள். அலுவலகத்தில், முன்பு இங்கே வேலை பார்த்த ஓர் ஆயாம்மாவின் விலாசம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"பழைய ஸ்டாஃப் எல்லாரும் சிஸ்டத்துல இருக்காங்க மேடம், பேரு சொல்லுங்க" என்றாள் அங்கிருந்த பெண், கீபோர்டில் விரல்களை வைத்துக்கொண்டு.

எனக்கு அவர் பெயர் தெரியாது. ஏழு வருஷம் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், ஒருநாள்கூடக் கேட்டதில்லை.