காலடியில் கிடந்த சாக்கு

மூணாறில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் எஸ்டேட் சேறு ஒட்டாமலிருக்க, காலடியில் சாக்கு விரிப்பது எங்கள் பழக்கம். அன்று காலை அதை இரண்டாக மடித்துப் போட்டேன். வண்டியைக் கிளப்பினால் எந்தக் கியரும் விழவில்லை. கரகரவென்று சத்தம்தான் வந்தது. முந்தின நாள் வண்டியை ஓட்டியவன் என் மைத்துனன்.

“கியர்பாக்ஸை ஒடச்சிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நிக்கிறியாடா?” என்று எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டு ஆட்கள் முன்னால் கத்தினேன்.

“சத்தியமா நல்லாத்தான் ஓடுச்சு அத்தான்” என்றான். நான் நம்பவில்லை.

மெக்கானிக் வந்து என்ஜினை அணைத்துப் பார்த்தார். எல்லாக் கியரும் லேசாக விழுந்தன. “கியர்பாக்ஸ்ல கொறை இல்ல. கிளட்ச் பெடல்தான் முழுசா இறங்கல, அதான் ஓடுறப்ப கியர் விழல” என்றவர், பெடலுக்கு அடியிலிருந்து நான் மடித்துப் போட்ட சாக்கை உருவினார்.

இப்போதெல்லாம் கிளம்புமுன் குனிந்து காலடியைப் பார்க்கிறேன். மைத்துனன் மழையிலும் நடந்தே போகிறான். நிறுத்திக் கூப்பிட்டாலும் என் வண்டியில் ஏறுவதில்லை.